கையில் டிக்கெட் இருந்தும் வித்தவுட் பயம்

நம் மக்கள் சங்கத்தின் படியேறி எதற்காக வருகிறார்கள் என்பதை வைத்தே நம் வாழ்வின் வரலாற்றை எழுதிவிடலாம். ஒரு காலத்தில் ரேஷன் கார்டுக்காக வந்தார்கள். குடிசையை இடிக்க மாநகராட்சி ஆட்கள் வந்துவிட்டார்கள் என்று ஓடிவந்தார்கள். பிறகு, ஊரில் வாங்கிய சாதிச் சான்றிதழ் இந்த மாநிலத்தில் செல்லாது என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள் வந்தார்கள். அதன்பின் கல்லூரி அட்மிஷன், கல்விக் கடன். இந்தச் சில ஆண்டுகளாக வருகிறவர்களில் சிலர் கொண்டுவருவது வேறொரு சங்கதி. வாய்விட்டுச் சொல்ல அவர்களுக்கே கூச்சம். மற்றவர்கள் போகட்டும் என்று காத்திருந்து, "அண்ணே, ஒரு விஷயம்" என்று மெல்லத் தொடங்குகிறார்கள்.

மகளுக்குப் பெரிய கம்பெனியில் வேலை. அப்பன் சைக்கிளில் இட்லிப் பானை கட்டிக்கொண்டு மூன்று மாதம் தெருத்தெருவாய் விற்றுச் சேர்ப்பதை அவள் ஒரே மாதத்தில் கொண்டுவருகிறாள். ஆனால் இரவில் தூங்குவதில்லை. ஞாயிற்றுக்கிழமை பொழுது சாய்ந்தால் வயிறு கலங்குகிறது. "என்னைத் தெரியாம எடுத்துட்டாங்கம்மா, என்னைக்காவது கண்டுபிடிச்சிருவாங்க" என்கிறாள். என்னத்தைக் கண்டுபிடிப்பார்கள்? திருடினாளா, பொய்ச் சான்றிதழ் கொடுத்தாளா? ஒன்றும் இல்லை. பரீட்சை எழுதினாள், தேறினாள், நேர்முகத்தில் பதில் சொன்னாள், எடுத்தார்கள். தாய் எலுமிச்சம்பழம் சுற்றிப்போட்டுப் பார்த்தாள், மந்திரித்த கயிறு கட்டிப் பார்த்தாள். கயிறு கையில் இருக்கிறது, பயமும் இருக்கிறது.

ரயில்வேயில் உழைக்கும் எங்களுக்கு இந்தப் பயம் புதிதல்ல. லோக்கல் வண்டியில் டி.சி. ஏறியதும் சில பயணிகளின் முகத்தைப் பாருங்கள். டிக்கெட் இல்லாதவன் பெரும்பாலும் தைரியமாக ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருப்பான். சட்டைப்பையில் மாதாந்திரப் பாஸ் வைத்திருக்கும் அப்பாவிதான் அதை நாலு முறை தொட்டுப் பார்ப்பான், வியர்ப்பான். சமயத்தில் முதல் வகுப்புப் பாஸ் வாங்கிவிட்டு இரண்டாம் வகுப்பில் நெருக்கியடித்து வருகிறவர்களும் உண்டு. அங்கே உட்கார மனம் ஒப்பாதாம்! பணம் கட்டியாயிற்று, சீட்டு கையில் இருக்கிறது, ஆனாலும் அந்த இருக்கை தனக்குரியதல்ல என்று உள்ளே ஏதோ சொல்கிறது.

இதற்கு மனவியல் படித்தவர்கள் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். 1978ஆம் ஆண்டில் அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் பாலின் கிளான்ஸ், சுசான் ஐம்ஸ் என்ற இரண்டு பெண் மனவியலாளர்கள் ஒரு கட்டுரை எழுதினார்கள். படிப்பிலும் தொழிலிலும் வெற்றி பெற்ற 150க்கும் மேற்பட்ட பெண்களைச் சில ஆண்டுகளாகக் கவனித்து எழுதியது அது. பட்டம் பெற்றவர்கள், பரிசு வாங்கியவர்கள், மற்றவர் மதிக்கும் இடத்தில் இருந்தவர்கள் அவர்கள். அப்படியிருந்தும், தாங்கள் உண்மையில் கெட்டிக்காரர்கள் அல்ல என்றும், அதிர்ஷ்டத்தாலோ திருத்தியவர்களின் தவறாலோ மேலே வந்துவிட்டதாகவும், எல்லோரையும் ஏமாற்றிக்கொண்டிருப்பதாகவும் நம்பினார்கள். தன்னையே வேடதாரியாக எண்ணும் இந்த நிலையை ஆங்கிலத்தில் இம்போஸ்டர் என்ற சொல்லைக்கொண்டு குறித்தார்கள். அவர்கள் அதை நோய் என்று சொல்லவில்லை, ஒரு நிகழ்வு என்றே சொன்னார்கள். 'சிண்ட்ரோம்' என்ற வால் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் இப்படியொரு நோய் இல்லை. வீட்டில் யாரும் "உனக்குப் பைத்தியமா?" என்று கேட்கத் துணியக்கூடாது என்பதற்காகவே இதை முதலில் சொல்லிவைக்கிறோம்.

இது எப்படி வேலை செய்கிறது என்பதையும் அவர்கள் விளக்கினார்கள். ஒரு வேலை கொடுக்கப்படுகிறது; உடனே பயம் பிடிக்கிறது. பயத்தால் ஒருத்தி தேவைக்கு மூன்று மடங்கு உழைப்பாள். இன்னொருத்தி தள்ளிப்போட்டுப் போட்டுக் கடைசி ராத்திரியில் முடிப்பாள். வேலை நன்றாக அமைந்து பாராட்டும் கிடைக்கிறது. ஆனால் அந்தப் பாராட்டு உள்ளே இறங்குவதில்லை. முதலாமவள், "ராப்பகலாய்க் கண்விழித்ததால் நடந்தது, மூளையால் அல்ல" என்கிறாள். இரண்டாமவள், "குருட்டு அதிர்ஷ்டம்" என்கிறாள். ஆகவே அடுத்த வேலை வரும்போது பயம் முன்னைவிடக் கூடுகிறது. செக்குமாடு போல இதே சுற்று. எத்தனை வெற்றி வந்தாலும் இந்தப் பயம் தானாகத் தீராததற்குக் காரணம், ஒவ்வொரு வெற்றியும் பயத்தின் கணக்கிலேயே வரவு வைக்கப்படுகிறது. "இன்னொரு பிரமோஷன் வந்தால் சரியாகிவிடும்" என்று சமாதானம் சொல்லும் பெற்றோர் இதைக் கவனிக்கவேண்டும்.

அந்தக் கட்டுரையில் நம் வீடுகளுக்குப் பொருந்தும் ஒரு செய்தி உண்டு. இப்படிப்பட்டவர்கள் வளர்ந்த குடும்பங்களில் இரண்டு வகையை அவர்கள் கண்டார்கள். ஒன்று, வேறொரு பிள்ளையை அறிவாளி என்று முத்திரை குத்தி, இவளை நல்ல குணமுள்ளவள் என்று ஒதுக்கிவைத்த வீடு. மற்றது, நீ எதையும் சாதிப்பாய், உனக்கு எதுவும் சுலபம் என்று குழந்தையைத் தலையில் தூக்கிவைத்த வீடு. பிறகு பாடம் கடினமாகும்போது, 'எனக்குக் கஷ்டமாக இருக்கிறதே, அப்படியானால் நான் பெரிய அறிவாளி இல்லையே' என்று அந்தப் பிள்ளை ரகசியமாக முடிவுக்கு வருகிறது. நம் பேட்டைகளில் பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் வாங்கிய பிள்ளைக்கு என்ன நடக்கிறது? தெருமுனையில் பிளெக்ஸ் போர்டு, மேடையில் பொன்னாடை, 'வருங்கால கலெக்டரே வருக!' ஆசையோடு செய்வதுதான். ஆனால் பதினைந்து வயதுப் பிள்ளையின் தோளில் பொன்னாடையோடு சேர்த்து ஒரு தெருவையே தூக்கிவைத்து விடுகிறோம் என்பதைப் பேட்டைத் தலைவர்கள் எண்ணிப்பார்க்கவேண்டும். அந்தப் பிள்ளை தோற்க நினைத்தாலும் தோற்க இடமில்லை.

இங்கே நம் தோழர்களில் இரண்டு கட்சி இருக்கிறது. ஒரு கட்சி, "இதெல்லாம் வயிறு நிறைந்தவர்களின் வியாதி. தோல் பதனிடும் பட்டறையில் சுண்ணாம்புத் தொட்டியில் நின்றவனுக்கு இந்தச் சந்தேகமெல்லாம் வந்ததா?" என்று கேட்கிறது. வரவில்லை, உண்மைதான். அந்தத் தொட்டியில் நிற்க உனக்குத் தகுதி உண்டா என்று யாரும் அவனைக் கேட்கவில்லையே! கேள்வி எழுவது, இதுவரை நமக்கு அடைபட்டிருந்த கதவைத் தாண்டும்போதுதான். எங்கள் அலுவலகத்தில் கலாசியாகச் சேர்ந்து, துறைத் தேர்வு எழுதி, எழுத்தரானவர் ஒருவர் உண்டு. நாற்காலி கிடைத்தபின் ஒரு வருடம்வரை யார் உள்ளே வந்தாலும் எழுந்து நின்றார். பியூன் வந்தாலும் நின்றார். அவர் வயிறு நிறைந்த வர்க்கமா?

மற்றக் கட்சி படித்த தோழர்களுடையது. "இது அந்தப் பெண்ணின் மனக்கோளாறு அல்ல, சமுதாயத்தின் கோளாறு. மாற்றவேண்டியது கம்பெனியை, பெண்ணை அல்ல" என்பது அவர்கள் வாதம். இதில் பெருமளவு உண்மை இருக்கிறது. கிளான்சும் ஐம்சும் கவனித்த பெண்கள் பெரும்பாலும் வசதியுள்ள வெள்ளைப் பெண்கள். நிறவெறியைப் பற்றி அந்தக் கட்டுரை பேசவில்லை. 2021ஆம் ஆண்டில் ருச்சிகா துல்சியான், ஜோடி-ஆன் புரே என்ற இரு பெண்கள் ஓர் அமெரிக்க நிர்வாகவியல் ஏட்டில் இதைத்தான் கேட்டார்கள்: பெண்களையும் கறுப்பின மக்களையும் ஒதுக்கிவைக்கும் இடங்களைத் திருத்தாமல், ஒதுக்கப்பட்டவளிடம் போய் உனக்குத் தன்னம்பிக்கை போதாது என்று சொல்வது என்ன நியாயம்?

நம் நிலையையே பாருங்கள். 1966இல் சிவசேனை தோன்றியபின் இந்த மும்பை நகரில் லுங்கி கட்டியவனை விரட்டு என்று கோஷமிட்டுத் தென்னிந்தியரின் கடைகளைத் தாக்கினார்கள். நம் அப்பன் பாட்டன் அந்நியன் என்று எண்ணியது கற்பனையா? இல்லை, பட்டப்பகலில் முகத்துக்கு நேரே சொல்லப்பட்டது. உயர்கல்வி நிலையங்களில் என்ன நடக்கிறது? டெல்லி எய்ம்ஸ் நிறுவனத்தில் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவர்கள் விடுதியிலும் வகுப்பிலும் ஒதுக்கப்பட்டதை 2007இல் பேராசிரியர் தோரட் தலைமையிலான குழு எழுதிவைத்தது. 2016 ஜனவரியில் ஐதராபாத் பல்கலைக்கழகத்தில் ரோகித் வெமுலா மாண்டார். 2019 மே மாதம் இதே மும்பையில் பழங்குடி மருத்துவ மாணவி பாயல் தாட்வி மாண்டார். சாதியைச் சொல்லித் துன்புறுத்தியதாக மூன்று மூத்த மருத்துவர்கள் மீது வழக்குத் தொடரப்பட்டது. 2023 பிப்ரவரியில் பவாய் ஐ.ஐ.டி.யில் முதலாண்டு மாணவர் தர்ஷன் சோலங்கி மாண்டார். சாதிப் பாகுபாடே காரணம் என்று குடும்பத்தார் சொன்னார்கள், நிறுவனம் அமைத்த குழு அதை ஏற்கவில்லை. சேர்ந்த முதல் வாரத்திலேயே "உன் ரேங்க் என்ன?" என்று கேட்பது வெறும் ரேங்கைத் தெரிந்துகொள்ள அல்ல, எந்தக் கோட்டா என்று தெரிந்துகொள்ள என்பதை அங்கே படிக்கும் எந்தப் பிள்ளையும் சொல்லும்.

ஆகவே ஒன்றைத் தெளிவாகப் பிரித்துக்கொள்ளவேண்டும். டிக்கெட் கையில் இருந்தும் நாமே நடுங்கினால் அது ஒரு சங்கதி. டிக்கெட்டைக் காட்டியபிறகும் டி.சி. சட்டையைப் பிடித்து இறக்கினால் அது வேறு சங்கதி. முன்னதற்கு மனநல ஆலோசகரிடம் போகலாம். பின்னதற்கு எழுத்தில் புகார் கொடுக்கவேண்டும்; எஸ்.சி., எஸ்.டி. பிரிவுக்கும், தொழிற்சங்கத்துக்கும், தேவையானால் காவல் நிலையத்துக்கும் போகவேண்டும். சாதி சொல்லி ஏசப்பட்ட பெண்ணிடம், "உனக்கு இம்போஸ்டர் சிண்ட்ரோம், கவுன்சிலிங் போய் வா" என்று ஒரு மேலாளர் சொன்னால், அது மருந்து வேடத்தில் வரும் வாயடைப்பு.

ஆனால் படித்த தோழர்களின் வாதம் ஓரிடத்தில் நம்மைக் கைவிடுகிறது. சாதி ஒழியும்வரை அந்தப் பெண் தூங்காமல் இருக்கமுடியுமா? பட்டறையில் மிஷினில் விரல் நசுங்கினால் முதலாளிமேல் நஷ்டஈட்டு வழக்குப் போடுகிறோம், மிஷினுக்குத் தடுப்புப் போடச் சொல்லிப் போராடுகிறோம். அதற்கு முன்னால் ரத்தத்தை நிறுத்தித் தையல் போட ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். தையல் போட்டதால் போராட்டம் நீர்த்துப்போயிற்று என்று எந்தத் தொழிலாளியும் சொன்னதில்லை. அன்றியும், சட்டையைப் பிடித்தவன் போனபிறகும் பல வருடம் நடுக்கம் உடம்பில் தங்கிவிடுகிறது. வெளியே இருந்து வந்ததுதான், ஆனால் இப்போது உள்ளே குடியிருக்கிறது. காலிசெய்ய ஆள் துணை வேண்டும்.

அந்தத் துணையை எங்கே தேடுவது? இங்கேதான் நம் குடும்பங்கள் தடுமாறுகின்றன. காரணம், பெயர்ப் பலகைகள் எல்லாம் ஒன்றுபோலத் தோன்றுகின்றன. சைக்கியாட்ரிஸ்ட் என்பவர் எம்.பி.பி.எஸ். முடித்து மனநல மருத்துவத்தில் மேற்படிப்புப் படித்த டாக்டர். மாத்திரை எழுதும் உரிமை உடையவர். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்பவர் மனவியலில் பட்டமேற்படிப்புக்குமேல் மருத்துவமனையில் பயிற்சி பெற்றவர். பேச்சுவழிச் சிகிச்சை அவர் தொழில், மாத்திரை எழுதமாட்டார். இவர் 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு பெற்றிருக்கவேண்டும். பதிவெண்ணைக் கேட்டுச் சரிபார்க்கலாம். கவுன்சிலர் என்ற சொல்லுக்கோ நடைமுறையில் வேலி இல்லை. மனவியலில் எம்.ஏ. படித்து நன்றாகப் பயின்றவரும் கவுன்சிலர்தான். இரண்டு வாரச் சான்றிதழை மாட்டிக்கொண்டு போர்டு வைத்தவரும் கவுன்சிலர்தான். ஜோசியரைவிட மோசமாகப் பணம் கறப்பவர்களும் இதில் உண்டு. ஆகவே, என்ன படித்திருக்கிறீர்கள், எங்கே பயிற்சி எடுத்தீர்கள் என்று கேட்பதற்குக் கூச்சப்படக்கூடாது. ஒழுங்காகப் படித்தவர் இந்தக் கேள்விக்குக் கோபிக்கமாட்டார்.

நாம் பேசும் இந்தப் பயத்துக்குப் பெரும்பாலும் மாத்திரை தேவையில்லை, பேச்சு போதும். ஆனால் இரண்டு வாரத்துக்குமேல் தூக்கமும் பசியும் போய், எதிலும் நாட்டமில்லாமல் கிடந்தால், அது வெறும் பயத்தைத் தாண்டி மனச்சோர்வு நோயாகியிருக்கலாம். செத்துப்போகலாமா என்ற நினைப்பு ஒருமுறை தலைகாட்டினாலும் தாமதிக்கக்கூடாது. அப்போது நேரே சைக்கியாட்ரிஸ்டிடம் போகவேண்டும். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை விழுங்குகிறோம், இதற்கு விழுங்குவதில் என்ன மானக்கேடு?

செலவு அடுத்த தடை. மும்பையில் தனியார் ஆலோசகர்கள் பலர் ஒரு மணிநேரத்துக்கும் குறைவான ஒரு சந்திப்புக்கே ஆயிரம் ரூபாய்க்குமேல் வாங்குகிறார்கள். வாரம் ஒருமுறை என்றால் மாதம் நாலு. சம்பாதிக்கிற பெண்ணுக்கு முடியும், படிக்கிற பையனுக்கு முடியாது. ஆனால் தாராவியிலிருந்து நடந்தே போகும் தூரத்தில் சயான் மாநகராட்சி மருத்துவமனை இருக்கிறது, பரேலில் கே.இ.எம். இருக்கிறது, மும்பை சென்ட்ரல் பக்கம் நாயர் இருக்கிறது. மூன்றிலும் மனநலப் பிரிவு உண்டு. பெங்களூரில் இருக்கும் நம்மவர்களுக்கு நிம்ஹான்ஸ், டெல்லியில் இஹ்பாஸ். கேஸ் பேப்பர் போட்டுக் காத்திருக்கவேண்டும். கூட்டத்தில் டாக்டர் நமக்கு ஒதுக்கக்கூடிய நேரம் சில நிமிடம்தான். அந்த நிமிடங்களில் மாத்திரை எழுதித்தான் அவருக்குப் பழக்கம். அதைக் குறைசொல்லிப் பயனில்லை, வரிசையைப் பார்த்தால் அவர்மேல் இரக்கமே வரும். நாம் செய்யவேண்டியது, "பேச்சுவழிச் சிகிச்சைக்குச் சைக்காலஜிஸ்டிடம் அனுப்புங்கள்" என்று வாய்திறந்து கேட்பது. கேட்டவர்களுக்குக் கிடைக்கிறது, பல நேரம் கேட்காததால்தான் கிடைப்பதில்லை. ரயில்வே குடும்பத்தார் நம் ஆஸ்பத்திரி டாக்டரிடமே கேட்கலாம். சிக் மெமோவுக்காக மட்டும் அவரைப் பார்ப்பது என்ற பழக்கத்தை விடவேண்டும்.

2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், 2018 மே 29 முதல் நடைமுறையில் உள்ளது. அரசு நடத்தும் அல்லது அரசு நிதியுதவி பெறும் இடங்களில் மனநலச் சிகிச்சை பெறுவது குடிமகனின் உரிமை என்கிறது அது. மனநோய்த் தகவலை ரகசியமாக வைக்கவேண்டும் என்கிறது. உடல்நோய்க்கு இன்சூரன்ஸ் தருவதுபோலவே மனநோய்க்கும் தரவேண்டும் என்கிறது. ஆனால் கம்பெனி பாலிசிகள் பெரும்பாலும் படுக்கையில் சேர்ந்தால்தான் பணம் தருகின்றன, வந்துபோகும் சிகிச்சைக்குத் தருவதில்லை; பாலிசியின் பின்பக்கத்தைப் படித்துவிட்டு நம்புங்கள். ஒருவரின் சமூக நிலை, அரசியல், மத நம்பிக்கையை வைத்து அவருக்கு மனநோய் என்று முடிவுகட்டக்கூடாது என்றும் அதே சட்டம் சொல்கிறது. நல்ல சட்டம்தான். ஆனால் நாட்டில் 2015-16இல் நிம்ஹான்ஸ் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பில், சிகிச்சை தேவைப்பட்டும் கிடைக்காதவர்களின் அளவு நோய்க்கு நோய் வேறுபட்டு 70 முதல் 92 சதவீதமாக இருந்தது. சட்டப் புத்தகத்துக்கும் மருத்துவமனை வரிசைக்கும் இடையில் இருக்கும் தூரம் அவ்வளவு.

மூன்றாவது தடை மொழி. நம் பிள்ளைகள் ஆபீசில் ஆங்கிலம், ரயிலில் இந்தி, மார்க்கெட்டில் மராத்தி பேசுகிறார்கள். ஆனால் பயம் எந்த மொழியில் வருகிறது? "நெஞ்சுக்குள்ள திக்குதிக்குங்குது", "மனசே சரியில்ல" என்றுதான் வருகிறது. இதை ஆங்கிலத்தில் சொல்லத் தெரியாமல் ஆலோசகர் முன்னாலும் அந்தப் பெண் திணறினால், அங்கேயும் அவள் தன்னைப் போலி என்றுதான் எண்ணுவாள். ஆகவே தமிழ் தெரிந்தவர் கிடைப்பாரா என்று முதலில் தேடுங்கள். நேரில் கிடைக்காவிட்டால் தொலைபேசியில், காணொளியில், சென்னையிலோ மதுரையிலோ இருப்பவரோடு பேசலாம். மத்திய அரசு 2022 அக்டோபர் 10இல் தொடங்கிய டெலி-மானஸ் சேவைக்கு எண் 14416. கட்டணம் இல்லை, இரவும் பகலும் உண்டு, மொழியில் தமிழைத் தேர்ந்துகொள்ளலாம். மாதக்கணக்கில் தொடரும் சிகிச்சைக்கு அது ஈடல்ல. முதல் படிக்கு, முக்கியமாக இரவு இரண்டு மணிக்கு, அதைவிட அருகில் வேறு கதவு இல்லை.

போனால் என்ன செய்வார்கள் என்பது பலருடைய கேள்வி. சோபாவில் படுக்கவைத்துச் சின்னவயதுக் கதையெல்லாம் கேட்பார்கள் என்று சினிமா சொல்லிக்கொடுத்திருக்கிறது. அப்படி அல்ல. "நான் போலி" என்ற நினைப்பு எப்போது எழுந்தது, அதற்குச் சான்று என்ன, மறுசான்று என்ன என்று எழுதிவரச் சொல்வார்கள். வாதி, பிரதிவாதி இரு பக்கமும் கேட்காமல் தீர்ப்பெழுதும் நீதிபதியாக நம் மனம் நடந்துகொள்வதை நாமே காகிதத்தில் பார்க்கும்படி செய்வார்கள். கிளான்சும் ஐம்சும் தங்களிடம் வந்த பெண்களிடம் இன்னொன்று செய்தார்கள். நீ ஏமாற்றிவிட்டதாக எண்ணும் ஆசிரியர்கள், அதிகாரிகள் எல்லோரையும் நினைவுக்குக் கொண்டுவா. ஒவ்வொருவரிடமும் "உங்களை இப்படித்தான் ஏமாற்றினேன்" என்று சொல்வதாகக் கற்பனை செய். அவர்கள் என்ன பதில் சொல்வார்கள் என்று சொல். நம் பிள்ளைகள் இதைச் செய்துபார்த்தால் நல்ல வேடிக்கையாக இருக்கும். ஓட்டைக் கூரையின்கீழ் கணக்குச் சொல்லிக்கொடுத்த மாநகராட்சித் தமிழ்ப் பள்ளி ஆசிரியரிடம் போய், "சார், உங்களை ஏமாற்றிவிட்டேன்" என்று சொன்னால், அவர் காதைத் திருகிவிடமாட்டாரா?

முதல் சந்திப்பிலேயே மனம் லேசாகிவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். மூன்று நாலு முறை போனபின்னும் இவர் நமக்குச் சரிப்படவில்லை என்று தோன்றினால் மாறலாம், அது துரோகமல்ல. பதினைந்து நாளில் அடியோடு போக்குகிறேன் என்பவர், இருபது சந்திப்புக்கு முன்பணம் கேட்பவர், நீங்கள் சொன்னதை உங்கள் அம்மாவுக்குப் போன்செய்து சொல்பவர் ஆகியோரிடம் இரண்டாம் முறை போகவேண்டாம். "சாதியெல்லாம் இப்போது யார் பார்க்கிறார்கள்?" என்று புன்னகைப்பவரிடமும் வேண்டாம். தாராவி என்றதும் அவர் முகம் எப்படி மாறுகிறது என்பதைக் கவனியுங்கள். முதல் தலைமுறையாகப் படித்து வந்தவர்களோடு இதற்குமுன் வேலை செய்திருக்கிறீர்களா என்று கேட்டுவிடுவது நல்லது.

இவ்வளவுக்கும் மேலே ஒரு தடை இருக்கிறது, அதை எந்தப் பெரிய டாக்டரும் எழுதிவைக்கவில்லை. பேச இடமில்லை. பத்துக்குப் பத்து அறையில் ஆறு பேர். தறிபோல ஓடும் தெரு. ஆலோசகர் வாரம் ஒருநாள் ஏழு மணிக்குப் பேசலாம் என்கிறார். அந்தப் பெண் எங்கே போய்ப் பேசுவாள்? ஏணிப்படியில் உட்கார்ந்தால் மேல்வீட்டுக்காரி நிற்கிறாள். கடைசியில் ஸ்டேஷன் நடைமேடையின் கோடியில் உள்ள பெஞ்சில் உட்கார்ந்து, வண்டி வரும்போதெல்லாம் நிறுத்தி, போனபின் தொடர்ந்து பேசுகிறாள். எங்கள் கண்ணால் பார்த்தது இது. பெற்றோர் இதைப் புரிந்துகொள்ளவேண்டும். கதவைச் சாத்திக்கொண்டு ஒரு மணிநேரம் பேசும் பெண் காதல் விவகாரம்தான் பேசுகிறாள் என்று முடிவுகட்டி, போனைப் பிடுங்கும் அப்பாக்கள் நம்மிடையே உண்டு. என்ன பேசினாய் என்று குடைந்து கேட்கவும் வேண்டாம். உங்கள் தியாகத்தைப் பட்டியலிடவும் வேண்டாம். பட்டியல் அவளுக்கு உங்களைவிட நன்றாகத் தெரியும், தூக்கம் போனதற்கு அதுவும் ஒரு காரணம். சோறு போட்டுவிட்டு, வந்து போக வழித்துணை வேண்டுமா என்று மட்டும் கேளுங்கள்.

அரசிடம் கேட்கவேண்டியதையும் கேட்கத்தான் வேண்டும். 2025 ஜூலையில் உச்சநீதிமன்றம், விசாகப்பட்டினத்தில் மாண்ட ஒரு மாணவியின் தந்தை தொடுத்த வழக்கில், 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் படிக்கும் கல்வி நிலையங்கள் தகுதிபெற்ற ஆலோசகர் ஒருவரையாவது வைக்கவேண்டும் என்று நெறிமுறை வகுத்தது. நம் பிள்ளைகள் படிக்கும் கல்லூரிகளில் அப்படி யார் இருக்கிறார், அவர் எந்த மொழி பேசுவார் என்று பெற்றோர் கையெழுத்திட்டு எழுத்தில் கேட்கவேண்டும். தமிழர் அடர்ந்து வாழும் பகுதியின் மாநகராட்சி மருத்துவமனையில் தமிழ் தெரிந்த மனநல ஊழியர் ஒருவராவது வேண்டும் என்ற மனுவை நம் சங்கம் தயாரித்திருக்கிறது. அடுத்த பொதுக்குழுவில் அது வைக்கப்படும். உள்ளூர் மராத்தித் தோழர்களும் இந்தித் தோழர்களும் தங்கள் மொழிக்காரர்களுக்கும் சேர்த்தே கையெழுத்திட ஒப்பியிருக்கிறார்கள். பயம் எல்லா மொழியிலும் வருகிறது.

இன்னொரு யோசனையையும் பொதுக்குழு முன் வைக்கிறோம். கிளான்சும் ஐம்சும் இந்தப் பயத்துக்குக் குழுவாக உட்கார்ந்து பேசுவதைப் பெரிதும் விரும்பிச் சொன்னார்கள். தான் ஒருத்திதான் போலி என்று எண்ணியிருந்தவள், தான் மதிக்கும் இன்னொருத்தியும் அதையே சொல்லக் கேட்கும்போது பாதி பாரம் இறங்குகிறது. மாதம் ஒரு ஞாயிறு, முதல் தலைமுறையாக வேலைக்கும் கல்லூரிக்கும் போன பிள்ளைகள் மட்டும் சங்கத்தில் கூடட்டும். பெரியவர்கள் உள்ளே வரவேண்டாம், சொற்பொழிவு வேண்டாம், தீர்மானம் வேண்டாம், டீ மட்டும் அனுப்பலாம். பொன்னாடைக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பகுதியை எடுத்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது படித்துப் பதிவுபெற்ற மனவியலாளர் ஒருவரை வரவழைக்கலாம்.

சங்கத்தின் பின்னறை, மராமத்து முடிந்ததும் புதன், வெள்ளி மாலைகளில் ஆறு முதல் ஒன்பது வரை காலியாக வைக்கப்படும். கதவுக்கு உள்தாழ்ப்பாள் போட்டாயிற்று, மின்விசிறி ஓடுகிறது, போன் சிக்னல் ஜன்னலோரம் நன்றாகக் கிடைக்கிறது. யாருக்கு ஒரு மணிநேரம் தனியே பேச இடம் வேண்டுமோ அவர்கள் முதல்நாளே நேரத்தை மட்டும் சொல்லிவைத்தால் போதும். சாவி மேசை இழுப்பறையில் இருக்கும். பெயரை நோட்டில் எழுதவேண்டியதில்லை.